எந்த ஊரு?

(ஆழ்வார்திருநகரியில் நடந்த மாணவர் பயிற்சி முகாமில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. 34 வருசம் ஓடுகிற பஸ்ஸில் நின்று பேசினவன் நான். "உள்ள போ, படியில நிக்காத, சில்லறை குடு" – இதுதான் என் சொற்பொழிவு. 1986இல் வேலையில் சேர்ந்தேன், 2020இல் ஓய்வு பெற்றேன். பயத்தைப் பற்றிப் பேசணும் என்று தோழர்கள் கூப்பிட்டபோது, "தைரியசாலி யாரையாவது கூப்பிடுங்கய்யா, நான் எதுக்கு?" என்றேன். "இல்ல அண்ணாச்சி, பயந்தவங்க பேசினாத்தான் சரியா இருக்கும்" என்றார்கள். அப்படின்னா நான் பொருத்தமான ஆள்தான்.

இந்த முகாம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 10ஆம் தேதி, இங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பதினோராம் வகுப்பு படிக்கிற நம்ம பையன் ஒருவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போனான். பஸ்ஸை மறித்து, அவனைக் கீழே இழுத்துப் போட்டு, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் அவன் செய்த குற்றம் என்று வீட்டார் சொன்னார்கள். வெட்டினவர்களும் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு நம்ம தெருக்களில் எத்தனை பிள்ளைகள் பஸ் ஏறப் பயப்படுகிறார்கள், எத்தனை தாய்மார் "டவுன் பள்ளிக்கூடம் வேண்டாம், பக்கத்துலயே படி" என்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அரிவாள் பட்டது ஒரு கையில். ஆனால் மடங்கிப்போன கைகள் எத்தனை? இதைத்தான் நாம் பேச வேண்டும்.

பயம் நம் வாழ்க்கையை ஒரே நாளில் பறிப்பதில்லை. சீட்டு சீட்டாகப் பறிக்கிறது. முதலில் பஸ்ஸில் ஒரு சீட்டு. அப்புறம் ஒரு டீக்கடை. அப்புறம் ஒரு தெரு. அப்புறம் போகவிருந்த கல்லூரி, போட ஆசைப்பட்ட சட்டை, வைக்க நினைத்த பெயர், விரும்பிய பெண். கடைசியில் கணக்குப் பார்த்தால் நம் கையில் இருப்பது நாம் வாழ்ந்த வாழ்க்கை அல்ல, அவன் விட்டுவைத்த வாழ்க்கை.

நான் இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தென்கால் பாசன வயலில் எங்க அம்மா நடவு நட்டாள், களை எடுத்தாள், கார் அறுப்பு, பிசான அறுப்பு எல்லாம் அறுத்தாள். எனக்கு நடக்கப் பழக்கின கையோடு எங்கே நடக்கக்கூடாது என்றும் பழக்கினாள். இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கோ. அந்த வீட்டுத் திண்ணையைப் பாக்காத. பஸ்ஸில் பண்ணையார் வீட்டு ஆள் இருந்தா, எடம் காலியா இருந்தாலும் நின்னுக்கோ. கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சிக்கோ. இதெல்லாம் அவள் கோழைத்தனத்தால் சொல்லித்தரவில்லை. என்னை உயிரோடு வைத்திருப்பதற்காகச் சொல்லித்தந்தாள். பயந்தவர்களைக் கேலி செய்யாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நம்ம ஆத்தாமார்களின் பயத்தால்தான் நாம் பிழைத்து இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ஊர்ப் புளியமரக் கதை உங்களுக்குத் தெரியும். நம்மாழ்வார் 16 வருசம் புளியமரப் பொந்தில் வாய் திறக்காமல் இருந்தார் என்று தலபுராணம் சொல்கிறது. அது யோகம் என்று கொண்டாடுகிறார்கள். நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாய் திறக்காமல் இருந்தார்களே, அதை யாராவது யோகம் என்றார்களா? அது பயம். அதுவும் தானாக முளைத்த பயம் இல்லை. நிலம் அவனிடம், கூலி அவனிடம், கடன் பத்திரம் அவனிடம், போலீஸ் அவன் பக்கம். பயம் என்பது மனசில் இருக்கிற நோய் மட்டும் இல்லை தோழர்களே, வெளியே கட்டி எழுப்பி உள்ளே குடிவைத்த ஒன்று. அதனால்தான் "தைரியமா இரு" என்று முதுகில் தட்டினால் அது போவதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நடத்துநர் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கேள்வி வந்தது. "தம்பிக்கு எந்த ஊரு?" நம்ம ஜில்லாவில் இந்தக் கேள்வியின் அர்த்தம் ஊர் இல்லை. ஊரைச் சொன்னால் அடுத்து "ஊருல எந்தத் தெரு?" என்பான். தெருவைச் சொன்னால் முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாசரேத்" என்றேன். ரயிலில் ஏறினால் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன். மிஷன் ஊர், பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர். நாசரேத் என்றதும் கேட்டவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். தெருவைக் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பிறந்ததாகச் சொன்னதால் எனக்கு "வாங்க தம்பி" கிடைத்தது, ரூபாய் நோட்டு கையில் கிடைத்தது. 9 வருசம் நான் நாசரேத்துக்காரனாக இருந்தேன்.

1991இல் பிசான அறுப்பு முடிகிற சமயம். திருநெல்வேலி – திருச்செந்தூர் டிரிப். கருங்குளத்தில் ஒரு கிழவி சாக்குப் பையோடு ஏறினாள். எங்க அம்மா. முன் சீட்டில் ஒரு பெரிய மனுசர் உட்கார்ந்திருந்தார், என்னை "நாசரேத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். முன் சீட்டைப் பார்த்தேன். என் வாய் திறக்கவில்லை. அவள் அதைப் புரிந்துகொண்டாள். பையை ஓரமாக வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னாள்: "ஒரு ஆழ்வார்திருநகரி குடுங்கய்யா."

வீட்டில் அவள் "எய்யா, சாப்பிடுய்யா, தண்ணி குடுய்யா" என்பாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற "ஐயா" அது. பஸ்ஸில் சொன்னது "குடுங்கய்யா". அந்த ஒரு "ங்க"தான் வித்தியாசம். காசை என் உள்ளங்கையில் படாமல் மேலேயிருந்து போட்டாள், ஆயுசு முழுக்க ஊர்க்காரர்களிடம் போட்டுப் பழகின மாதிரி. நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். ஆழ்வார்திருநகரியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் விசில் ஊதினேன்.

டூட்டி முடித்து ரெண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள். "ஏம்மா அப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "உன் சோத்துல மண் விழக்கூடாதுல்லா" என்றாள். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் 4 வருசம் நாசரேத்துக்காரனாகத்தான் இருந்தேன். வெட்கப்பட்டால் பயம் போய்விடும் என்பது பொய். வெட்கம் பயத்துக்குத் துணையாக உட்கார்ந்துகொள்ளும்.

1995 சூலை 26ஆம் தேதி வீரசிகாமணியில் நம்ம சமூகத்து பஸ் ஓட்டுநர் ஒருவருக்கும் ஆதிக்க சாதிப் பள்ளி மாணவர்களுக்கும் தகராறு. ஓட்டுநர் தாக்கப்பட்டார். அதிலிருந்து தென்மாவட்டம் பற்றி எரிந்தது. அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தில், ஆகஸ்ட் 31ஆம் தேதி, கொடியன்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, தையல் எந்திரம், சைக்கிள், டிராக்டர் எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் குவித்துத் தீ வைத்தார்கள். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். கலவரத்தை அடக்க வந்தவனுக்குச் சான்றிதழோடு என்ன பகை? வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து, மாடி வீடு கட்டி, தலை நிமிர்ந்த ஊர் அது. வெளியேறுகிற வழியை எரித்தால் பயம் திரும்ப வந்து குடியேறும் என்கிற கணக்கு.

அந்த மாசங்களில் ராத்திரி டிரிப்பில் பஸ்ஸை மறித்து ஓட்டுநர் பேரையும் நடத்துநர் ஊரையும் கேட்டார்கள். நான் "நாசரேத்" என்றேன். என்னோடு வந்த ஓட்டுநர் வயசில் மூத்தவர், நம்ம ஆள். அவர் தன் ஊரையும் தெருவையும் உள்ளபடி சொன்னார். ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. அப்புறம் வழிவிட்டார்கள். தாண்டிப் போனதும் அவர் கை ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "அண்ணாச்சிக்குப் பயமே இல்லையோன்னு நெனச்சேன்" என்றேன். "ஏல, பயம் இருந்துச்சு. பயத்தைக் கேட்டுட்டா பதில் சொல்ல முடியும்?" என்றார்.

அவர்தான் எங்களைச் சேர்த்தார். ரெண்டு ஓட்டுநர், மூணு நடத்துநர், ஆக ஐந்து பேர். நைட் ஹால்ட் போடுகிற இடத்தில், மொட்டைமாடியில், சாப்பிட்டு முடித்த பிறகு ஒத்திகை. ஆமா, நாடகத்துக்குப் பார்ப்பது மாதிரியே. அண்ணாச்சி காலுமேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். நாங்கள் பதில் சொல்லணும். முதல் நாள் அவரிடமே நான் "நாசரேத்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. நாலாவது நாள்தான் என் ஊர் என் வாயில் வந்தது.

அவர் மூணு விசயம் சொல்லித்தந்தார். ஒண்ணு, சத்தத்தைக் கூட்டாதே. சண்டைக்குப் போகிறவன் மாதிரி சொன்னால் பயம் வேறு சட்டை போட்டு வந்ததாக அர்த்தம். ரெண்டு, தலையைக் குனியாதே. மூணு, சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்டுப் போ. அவன் முகத்தில் தீர்ப்பு எழுதியிருக்கும், அதை வாசிக்க நீ நிற்க வேண்டியதில்லை. கூடவே ஒரு ஏற்பாடும் செய்தார். முதல் தடவை சொல்லப் போகிற ஆளோடு அதே பஸ்ஸில் எங்கள் ஐந்து பேரில் ஒருவராவது இருக்கிற மாதிரி டூட்டியை மாற்றிக்கொண்டோம். தனியாக யாரும் சொல்லவில்லை.

நவம்பர் மாசம் என் முறை வந்தது. அதே டிரிப். வயசான ஒருத்தர் கேட்டார். ஊரைச் சொன்னேன். தெருவைக் கேட்டார். தெருவைச் சொன்னேன். அவர் ரூபாய் நோட்டை என் கையில் தராமல் சீட்டில் வைத்தார். எடுத்துக்கொண்டேன். பாக்கிச் சில்லறையை அவரிடம் நீட்டினேன். சீட்டில் வைக்கச் சொல்லிக் கண் காட்டினார். நான் வைக்கவில்லை. நீட்டிய கையோடு நின்றேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. புதுக்குடி வரைக்கும் நின்றேன். இறங்குகிற அவசரத்தில் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார். உலகம் இடியவில்லை. எனக்குத்தான் முழங்கால் ஆட்டம் கண்டது.

இதில் விலை இல்லையா? இருந்தது. அடுத்த வருசம் வேறொரு வழித்தடத்தில் சிலர் என்னைக் கீழே இறக்கி அடித்தார்கள். இந்தப் பல்லு அன்றைக்குப் போனதுதான். வழக்கு 6 வருசம் நடந்து அவர்கள் விடுதலை ஆனார்கள். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு உற்சாகமூட்டினால் நான் அயோக்கியன். ஆனால் அடி வாங்கின பிறகும் அதே வழித்தடத்தில் டூட்டி பார்த்தேன். ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கு நாலு பேரும் வந்தார்கள், போலீஸ் நிலையத்துக்கு நாலு பேரும் வந்தார்கள். நாசரேத்துக்காரனாக அடி வாங்கியிருந்தால் யார் வந்திருப்பார்கள்?

பெரியவர்கள் யாரும் இப்படிப் பயந்திருக்க மாட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அம்பேத்கர் எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போகிறார். தங்க இடம் இல்லை. பார்சிக்காரர்கள் தங்குகிற விடுதியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். என்னுடைய நாசரேத் மாதிரியே! பத்து நாள் கழித்துத் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வாசலில் நிற்கிறது. அன்றைக்கே வெளியேற வேண்டியதாயிற்று. போக இடமில்லாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, ராத்திரி பம்பாய்க்கு ரயிலேறினார். அதைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே மனிதர் ஏறக்குறைய பத்து வருசம் கழித்து, 1927 மார்ச் 20ஆம் தேதி, மகாடு ஊரில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். நடுவில் என்ன நடந்தது? அவருக்குப் பயமில்லாத புது இருதயம் முளைத்துவிட்டதா? இல்லை. பரோடாவில் தனியாக இருந்தார். மகாடில் ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையாக அவரோடு நடந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக மகாடு நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டுவிட்டது. மூணு வருசம் அந்தத் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது, ஒருவரும் குளத்தில் இறங்கவில்லை. சட்டம் கதவைத் திறந்துவிடும். கால் எடுத்து வைப்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். தண்ணீர் குடித்த அன்றைக்கே நம் மக்களை அடித்தார்கள். வழக்கு நடந்து பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இறுதியாக ஜெயிக்க 1937 ஆயிற்று.

அமெரிக்காவிலும் ஒரு பஸ் கதை உண்டு. 1955 டிசம்பர் 1ஆம் தேதி மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்கிற கறுப்பினப் பெண் வெள்ளையனுக்கு சீட்டை விட மறுத்தார். களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். தவறு. அவர் இயக்கத்தில் பல வருசம் வேலை செய்தவர், அந்தக் கோடையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்தவர். 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்து ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மறுபடி பஸ் ஏறும் முன்னால் தேவாலயங்களில் நாற்காலிகளை பஸ் மாதிரி வரிசையாகப் போட்டு, யாராவது திட்டினால், தள்ளினால் என்ன செய்வது என்று நடித்துப் பழகினார்கள். என் மகள் இதைப் படித்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மொட்டைமாடி அண்ணாச்சி அமெரிக்காவைப் பார்த்ததில்லை.

இப்போது தம்பிமாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. பயத்தை ஜெயிப்பது வேறு, பயமுறுத்துவது வேறு. அவன் கையில் கலர் கயிறு கட்டினால் நீயும் ஒரு கலரில் கட்டுவது, அவன் அரிவாளோடு படம் போட்டால் நீயும் போடுவது, நமக்குக் கீழே ஒருத்தனைத் தேடி அருந்ததியர் பிள்ளையை மிரட்டுவது – இதெல்லாம் வீரம் இல்லை. அவன் கொடுத்த பயத்தைப் பொட்டலம் கட்டி அடுத்தவனுக்குக் கொடுப்பது. 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் எதிர்த்தார்கள், கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. ஒரு தகரப் பலகையில் இருக்கிற பெயரைப் பார்த்து யார் பயந்தது? நாமா? சாதிக்காரனும் பயத்தில்தான் வாழ்கிறான், நாம் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோமோ என்கிற பயம். அந்த நோய் நமக்கு வேண்டாம்.

புகார் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாங்குநேரியில், கூடப் படிக்கிறவர்கள் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று ஒரு பிள்ளை பள்ளியில் சொன்னான். ராத்திரி வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். சொன்னது தப்பில்லை. சொன்ன பிள்ளையைச் சுற்றி அன்றைக்கு ராத்திரி ஆள் இல்லாததுதான் தப்பு. அந்த வருசமே அவன் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 வாங்கினான். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறைத் தடுக்கச் சொன்னது. அறிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்பது உங்கள் வேலை.

சட்டத்தைப் படியுங்கள். 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிற ஆயுதம். புகாரைப் பதிவு செய்யாமல் கடமை தவறுகிற அதிகாரியைத் தண்டிக்க 4ஆம் பிரிவு இருக்கிறது. குற்றவாளிக்கு முன்ஜாமீன் கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 7ஆம் விதி. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு கேட்கிற உரிமை, 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். தாழையூத்து பஞ்சாயத்துத் தலைவி கிருஷ்ணவேணியை 2011 சூன் 13ஆம் தேதி ராத்திரி ஆட்டோவில் வரும்போது வெட்டிச் சாய்த்தார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தவர் அவர். பிழைத்து எழுந்தார், வழக்கை விடவில்லை. 2024இல் 6 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 13 வருசம்! இவ்வளவு நாள் ஒரு ஆள் தனியாகத் தாங்க முடியாது. வாய்தாவுக்கு வாய்தா கூடப் போகிற நாலு பேர் வேண்டும்.

கடைசியாக எங்க அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

நான் ஊரை மறைக்காமல் சொல்லத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவள் என் பஸ்ஸில் ஏறினாள். "எம்மா, இங்கன உக்காரு" என்று எல்லோரும் கேட்கக் கூப்பிட்டேன். "சத்தம் போடாதல" என்றாள். உட்கார்ந்தாள், சீட்டின் நுனியில். முதுகு சாயவே இல்லை. அவள் உடம்பில் இருந்த பயத்தை என்னால் எடுக்க முடியவில்லை.

1999 சூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். கூலி உயர்வு வேண்டும், சிறையில் இருக்கிற 652 தொழிலாளர்களை விட வேண்டும் என்று கேட்கப் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. மக்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். ஆற்றுக்குள்ளும் தடியும் கல்லும் விழுந்தது. 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. எந்த ஆற்றுத் தண்ணீரில் நம் ஆத்தாமார்கள் ஆயுசெல்லாம் நடவு நட்டார்களோ, அந்த ஆற்றில். எங்கள் தெருவிலிருந்து போன ரெண்டு பேர் ராத்திரி ஈரத்துணியோடு வந்து சேர்ந்தார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எந்த ஊர்வலத்துக்கும் போகாத" என்று அழுதாள்.

அடுத்த வருசம் அதே தேதி. செத்தவர்களுக்கு ஆற்றில் பூ போடப் போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. எனக்கு டூட்டி. சாயங்காலம் வந்தால் வீட்டில் அம்மா இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள், முந்தானையில் பூவை முடிந்துகொண்டு. இருட்டின பிறகு வந்தாள். "எவ்வளவு போலீஸ் நின்னிருக்கும்! பயமா இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான்" என்றாள். "அதுக்காக அந்தப் பிள்ளைக்குப் பூ போடாம இருக்க முடியுமா?"

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. பயம் அவளை விட்டுப் போகவில்லை. அவளோடு சேர்ந்தே பஸ் ஏறி, ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று முடிவு செய்தது அது இல்லை, அவள். பக்கத்தில் நாலு பெண்கள் இருந்தார்கள்.

பேச்சு போதும் தோழர்களே. நாளைக்கு விடிந்தால் பள்ளிக்கூட பஸ் வரும். யார் யாரோடு ஏறுவது, எந்த நிறுத்தத்தில் யார் சேர்ந்துகொள்வது, திரும்பி வரும்போது யாருக்குப் போன் செய்வது என்று இன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அந்த மேசையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளுங்கள். நாற்காலிகளை ரெண்டு ரெண்டாக வரிசையாகப் போடுங்கள், நடுவில் நடக்க வழி விட்டு. கடைசி வரிசையில் இருக்கிற தங்கச்சி, நீ முதலில் வாம்மா, ஜன்னலோர சீட்டில் உட்கார். நன்றாகச் சாய்ந்து உட்கார். நான்தான் முன் சீட்டுப் பெரிய மனுசர்.

எங்கே, கேட்கிறேன். பாப்பாவுக்கு எந்த ஊரு?